பாலாறு பட்டது போதும்

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் கழிவு வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. இழப்பீடு கிடைக்காமல் விடுபட்டவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் பணத்தைக் கொடுங்கள், கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலித்துக்கொள்ளுங்கள் என்று அரசுக்கு உத்தரவு. செய்தியைப் படித்தவர்களில் பலருக்கு இந்த வழக்கு எப்போது தொடங்கியது என்றே நினைவிருக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் மனுப் போட்டது 1991இல். ஆலைகள் கழிவைச் சுத்திகரிக்காமல் வயலிலும் வாய்க்காலிலும் பாலாற்றிலும் விட்டதில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பாழ்பட்டது என்று 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பு பதிவுசெய்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும், கேடு வருமுன்னே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்தியச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு சொன்னது அந்தத் தீர்ப்பில்தான். சட்டக் கல்லூரிகளில் இன்றும் அது பாடம்.

பாடம் சரி, பணம்? அந்தத் தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில் கணக்குப் போட்டு 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் என்றது. வகுத்துப் பாருங்கள்: தலைக்கு ஒன்பதாயிரத்து இருநூறுக்கும் குறைவு. தூய்மை இந்தியா திட்டத்தில் ஒரு வீட்டுக் கழிப்பறைக்கு அரசு கொடுக்கும் ஊக்கத்தொகையே 12,000 ரூபாய். கிணறு உப்பாகி, நிலம் வெளுத்து, கோர்ட்டுக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடந்து தேய்ந்தவர்களுக்குச் சராசரியாக விதித்த தொகை, ஒரு கழிப்பறைக்கான அரசுப் பணத்தைக்கூட எட்டவில்லை. அதிலும் விடுபட்டவர்களுக்காக, மனுப் போட்டு 34 ஆண்டு கழித்து, இன்னொரு தீர்ப்பு வேண்டியிருந்தது.

அந்தத் தோல் ஆலைகள் இருக்கும் வாணியம்பாடியிலோ, ஆலங்காயத்திலோ தெருவில் நின்று நிமிர்ந்தால் தெரிவது ஜவ்வாது மலை. மேலே தோல் ஆலை கிடையாது, சாய ஆலை கிடையாது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, பீஞ்சமந்தை என்று சிதறிக் கிடக்கும் ஊர்கள்; சாமை, புளி, தேன், பலா, சீத்தாப்பழம். அப்படிப்பட்ட இடத்தில் நீர்மாசு பற்றி என்ன பேச்சு என்று கேட்கலாம். அங்கேதான் முதலில் பேச வேண்டும் என்பது என் கட்சி. பாலாற்றங்கரையில் இன்று கோடிகளைக் கொட்டியும் மீட்க முடியாத ஒன்றை, மலைமேல் சில ஆயிரங்களில் காப்பாற்றிவிடலாம். அந்த வாய்ப்பு நீண்ட நாளைக்கு இருக்காது.

மலைக்கும் தோலுக்கும் பழைய உறவு உண்டு. இந்த மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர்; கேரளத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர்கள் காட்டில் பொறுக்கி மூட்டைகட்டும் கடுக்காய், ஆவாரம்பட்டையோடு சேர்ந்து தோலைப் பதப்படுத்தப் பயன்பட்ட சரக்கு. பட்டையில் பதனிட்ட காலத்திலும் உப்பும் சுண்ணாம்பும் நாற்றமும் இருந்தன. அதைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 1970களில் அரைப்பதத் தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு போட்டு, முழுப்பதத் தோலும் செருப்பும் செய்து விற்கச் சொன்ன பிறகு, பட்டையின் இடத்தைக் குரோமியம் வேகமாகப் பிடித்தது. அந்நியச் செலாவணி வந்தது. கிணறு போனது. ஊர்க்காரர்களைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது. மலையிலும் இப்போது அதே வரிசைதான் தொடங்கியிருக்கிறது, வேறொரு சரக்கோடு. அந்தச் சரக்கின் பெயர் சுற்றுலா.

எந்த நீர் எங்கே போகிறது என்று பார்த்தால்தான் பங்காளிகள் யார் என்று தெரியும். செய்யாறு இந்த மலையில் பிறக்கிறது. செங்கத்துக்கு அருகே குப்பநத்தம் அணையில் தேங்கி, கலசபாக்கம் கடந்து, திருவத்திபுரத்துக்கே தன் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகிறது. மிருகண்டா நதியும் அதில்தான் சேர்கிறது. படவேடு ரேணுகாம்பாளைத் தரிசிக்க ஆடி மாதம் திரளும் கூட்டம் பார்க்கும் கமண்டல நதிக்குச் செண்பகத்தோப்பில் அணை. அதுவும் நாகநதியும் கூடி ஆரணிப் பக்கம் ஓடிச் செய்யாற்றில் கலக்கின்றன. வடக்கே இறங்கும் அகரம் ஆறு பாலாற்றுக்கு. மேற்குச் சரிவின் நீர் பாம்பாறு வழியாகத் தென்பெண்ணைக்கு. செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கூடும் இடம் திருமுக்கூடல். அங்கிருந்து கீழே ஆற்று மணலில் இறக்கிய கிணறுகளிலிருந்துதான் தாம்பரம், பல்லாவரம் பக்கத்துக்குப் பல காலமாகப் பாலாற்றுக் குடிநீர் போகிறது. ஆக, ஜமுனாமரத்தூரில் ஒரு விடுதியின் பின்பக்கக் குழாய் எங்கே திறக்கிறது என்பது சென்னைப் புறநகர்க்காரருக்கும் சம்பந்தமுள்ள விஷயம்.

திருமுக்கூடல் என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, பதினைந்து படுக்கை கொண்ட ஓர் ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிச் சொல்கிறது. மருத்துவர், சல்லியம் (அறுவை சிகிச்சை) செய்பவர், பணிப்பெண்கள், அவர்களுக்கான நெல், இருப்பில் இருந்த மருந்துகள் என்று விரிவான பட்டியல். அந்த மருந்துகளில் கடுக்காய் சேர்ந்தவை பல. நோயாளிகளுக்குத் தண்ணீர் எடுத்து ஊற்றவும் அங்கே ஆள் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆறு கூடும் இடத்தில் வைத்தியசாலை நடத்தியவர்களுக்கு ஆற்று நீரை நம்ப முடிந்திருக்கிறது.

சரி, மலைக்கு வருவோம். விடுமுறை நாள் பகல் பதினொரு மணிக்கு மலைப்பாதையின் ஓடைப் பாலம் எதிலாவது ஓரமாக நின்று பாருங்கள். ஒரு டெம்போ டிராவலர் ஓடைக்குள் பாதி இறங்கி நிற்கும். கிளீனர் பையன் பக்கெட்டில் நீர் மொண்டு சக்கரத்தில் அடிப்பான். வண்டிக்கு அடியிலிருந்து டீசல் ஒரு மெல்லிய வானவில் படலமாக விரிந்து, இருபதடி தள்ளிப் பாறை இடுக்கில் தேங்கும். சோப்பு நுரை அதன்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்கும் கீழே, வளைவைத் தாண்டி, யாராவது குடத்தோடு நிற்பார்கள். வண்டியில் வந்தவர்களின் கண்ணுக்கு அவர்கள் படவே மாட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் அழுக்கு நிற்காது என்று நாம் காலகாலமாக நம்பிவந்திருக்கிறோம். ஆள் குறைவாக இருந்தவரை அந்த நம்பிக்கை ஏறக்குறைய சரியாகவும் இருந்தது.

கண்ணுக்குத் தெரிகிற இந்த அழுக்கைவிட எனக்குப் பயம் தருவது மண்ணுக்குள் போகிற அழுக்கு. மலையில் எங்கே கட்டடம் எழும்பினாலும் பின்னால் ஒரு குழி தோண்டி, நான்கைந்து சிமென்ட் உறை இறக்கி, மேலே மூடி போடுகிறார்கள். பெயர் செப்டிக் டேங்க். அது செப்டிக் டேங்கே இல்லை. செப்டிக் டேங்க் என்றால் அடியும் பக்கமும் பூசி, நீர் கசியாத தொட்டி. உள்ளே தடுப்புச் சுவர். அடியில் கசடு தங்கி, தெளிந்த நீர் மட்டும் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். உறைக் குழிக்கு அடி கிடையாது. ஒரு குடும்பம், ஆழமான மண், கிணறு தொலைவில் என்றால் அது போதும், மண்ணே வடிகட்டிவிடும். அரசு பரிந்துரைக்கும் இரட்டைக் குழிக் கழிப்பறையும் மண்ணை நம்பியதுதான்: ஒன்று நிறைந்தால் மற்றதுக்குத் திருப்பிவிட்டு, நிறைந்ததை மக்கவிட்டு எருவாக அள்ளலாம். ஆனால் ஜவ்வாது மலையில் பல இடங்களில் இரண்டடி மண்ணுக்குக் கீழே கருங்கல். கல்லில் வெடிப்பு. வெடிப்பில் இறங்கும் கழிவுநீர் வடிகட்டப்படாது. சரிவு எங்கே இழுக்கிறதோ அங்கே ஓடி, கீழே ஓர் ஊற்றாக வெளிப்படும். அந்த ஊற்றைத்தான் கீழ் ஊரில் சுனை என்று கும்பிட்டுக் குடிக்கிறார்கள்.

பத்து அறை விடுதியும் வீட்டுக்குத் தோண்டுகிற அதே உறைக் குழியைத் தோண்டிக்கொள்வதுதான் சிக்கல். சனி, ஞாயிறு இரண்டு நாளில் முப்பது, நாற்பது பேர். ஷவர், வாஷிங் மெஷின், சமையல்கட்டு எல்லாம் ஒரே குழிக்கு. குழி நிரம்பினால் கழிவுநீர் லாரி கீழேயிருந்து ஏறி வர வேண்டும், வாடகை கூட. நிரம்பாமல் இருக்க ஒரு சுலப வழி, பக்கவாட்டில் ஒரு குழாய் போட்டு இரவில் திறந்துவிடுவது. இப்படிச் செய்யும் விடுதிக்காரருக்கு லாரி வாடகை மிச்சம், கீழ் ஊர்க்காரருக்கு வயிற்றுப்போக்கு. தோல் ஆலை முதலாளி வாணியம்பாடியில் செய்ததும் இதே கணக்குதான். அளவு மட்டும் வேறு.

செய்ய வேண்டியது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. அடி பூசிய, அறை எண்ணிக்கைக்கு ஏற்ற தொட்டி. அதிலிருந்து வரும் நீருக்குச் சல்லிப் படுகை, அதில் கல்வாழையும் நாணலும். ஆரோவில்லில் பல குடியிருப்புகளில் கழிவுநீர் இப்படித்தான் செடி வேர்களின் வழியே சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது. கரண்டு அதிகம் தேவையில்லை, நாற்றமும் இல்லை. குளியல் நீரையும் சமையல் நீரையும் கழிப்பறை நீரோடு சேர்க்காமல் தனியாக வாழைக்கும் தென்னைக்கும் விட்டாலே தொட்டியின் சுமை பாதியாய்க் குறையும். விடுதி கட்டும்போது ஏசிக்கும் கண்ணாடிக்கும் ஆகும் செலவோடு பார்த்தால் இது பெரிய தொகையில்லை. கட்டி முடித்த பிறகு தோண்டிப் புதைக்கத்தான் செலவு அதிகம். அதனால்தான் ஊராட்சி, கட்டட அனுமதி கொடுக்கும் அன்றே கழிவுநீர் வரைபடத்தைக் கேட்க வேண்டும் என்கிறேன். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சில்தான் பாலாறு போனது.

ஓட்டல்காரர்களுக்கு இரண்டே சொல். பாத்திரம் கழுவும் நீர் வெளியேறும் இடத்தில் எண்ணெய் மிதந்து நிற்க ஒரு சின்ன மூடித் தொட்டி கட்டுங்கள். வாரம் ஒருமுறை வழித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பொரித்துக் கறுத்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதை பயோடீசலுக்கு வாங்கும் ஏற்பாட்டை உணவுப் பாதுகாப்புத் துறை 2018லிருந்தே நடத்துகிறது, காசும் கிடைக்கும். இரு சக்கர மெக்கானிக்குகளும் கழிவு ஆயிலை டப்பாவில் பிடித்து வைத்துக் கீழே அனுப்பலாம். வண்டி கழுவ ஓடையை விட்டால் வேறு இடம் இல்லை என்ற நிலை இருக்கும்வரை டிரைவரைத் திட்டிப் பயனில்லை. மலை ஏறும் வழியில் ஒரு கழுவும் மேடை, அடியில் சல்லியும் எண்ணெய்த் தடுப்பும். காசு வாங்கிக்கொண்டு மகளிர் குழு நடத்தட்டும்.

பிளாஸ்டிக் பற்றி எழுதாத ஏடு இல்லை; நான் கொஞ்சமாக முடித்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 14 வகைக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலில் வரவில்லை. நீலகிரியில் அதே ஆண்டு சிறு பாட்டில்களுக்கும் தடை போட்டார்கள். தடையோடு கூடவே சாலையோரம் தண்ணீர் ஏடிஎம்களையும் வைத்தார்கள். தாகத்துக்கு மாற்று வைக்காமல் அபராதம் மட்டும் போட்டால் அது வசூல். அடுத்தது கண்ணாடி. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலியைக் கொண்டுவந்தால் திருப்பித் தரும் முறை, உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கிப் பிறகு வேறு மாவட்டங்களுக்கும் போனது. உடைந்த பாட்டில் மலை ஓடையில் கிடந்தால் மாட்டின் காலும் குளிக்கும் பிள்ளையின் காலும் ஒன்றுதான். பத்து ரூபாய்க்கு உள்ள மரியாதை பலகையில் எழுதிவைக்கும் வேண்டுகோளுக்கு வராது.

அருவிக்கரையில் குவிவது ஷாம்பு பாக்கெட். இந்தப் பாக்கெட் வியாபாரத்துக்கு வழிகாட்டியவர் நம் கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஏழைக்கும் ஷாம்பு எட்டியது. ஆனால் பல அடுக்குப் படலத்தால் ஆன அந்தக் குட்டி உறையை எந்தப் பழைய பேப்பர் கடைக்காரரும் வாங்குவதில்லை. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை பத்தாண்டுக்கு முன்பே உத்தரவிட்டது. ஜவ்வாது மலையின் பீமன் அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு அதே விதி கடினமாக இருக்காது. அருவியில் குளிப்பதே தண்ணீர் தலையில் அடிக்கிற சுகத்துக்குத்தானே, அதில் ஷாம்பு எதற்கு?

இதுவரை மலைவாசிகளைப் பற்றிப் பேசவில்லை. வேண்டுமென்றேதான். விழிப்புணர்வு முகாம் என்றால் முதலில் அவர்களை உட்காரவைத்து, கை கழுவுவது எப்படி என்று ஆரம்பிப்பது நம் வழக்கம். பெரும்பாலான கழிவு அவர்களுடையதல்ல. ஆனாலும் அவர்கள் பங்கும் இருக்கிறது. ஓடையின் நடுவே இருக்கும் துவைகல்லைக் கரையிலிருந்து தள்ளி வைத்து, சோப்பு நீர் வாழைக்குப் போகிற மாதிரி மாற்றலாம். மாடு இறங்கும் துறையும் குடம் நிரப்பும் துறையும் வேறு வேறாக இருக்கலாம். குடத்துறை மேலே, மாட்டுத்துறை கீழே. களை மருந்து தெளித்த கைத்தெளிப்பானை ஓடையில் அலசாமல் வயலிலேயே அலசிவிடலாம். மேல்நிலைத் தொட்டிக்குப் போடும் பிளீச்சிங் பவுடர் மூட்டை திறந்தே கிடந்தால் வீரியம் போய்விடும், வெறும் சுண்ணாம்பைக் கரைப்பதற்குச் சமம். மூடி வைக்க ஒரு பிளாஸ்டிக் டிரம் போதும். கடைசிக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்ச வேண்டும் என்பது கணக்கு. டேங்க் ஆபரேட்டரிடம் அதைப் பார்க்கிற சொட்டு மருந்துக் குப்பி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நீர் கெட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேலூருக்கு ஓட வேண்டாம். குவாலியர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மாஞ்சாவும் சக ஆய்வாளர்களும் 1982இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடிக் குப்பி. அடியில் மருந்து தோய்த்த காகிதத் துண்டு. கோடுவரை தண்ணீர் ஊற்றி, மூடி, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட வேண்டும். மலக்கிருமி இருந்தால் ஒன்றிரண்டு நாளில் தண்ணீர் மைபோலக் கறுத்துவிடும். இல்லாவிட்டால் நிறம் அப்படியே இருக்கும். எழுத்து தெரியாதவரும் முடிவைப் படிக்கலாம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச் சோதனை பழக்க வேண்டும் என்பது விதி. அந்த ஐந்து பேர் யார் என்று உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். அவர்கள் கையில் மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை, கூட்டம் ஏறும் கோடை விழா முடிந்த வாரத்தில் ஒருமுறை குப்பிகள் இருந்தால், எந்த ஊற்று எப்போது கெடுகிறது என்பது ஓராண்டில் தெரிந்துவிடும். அதற்கு மேலே இருப்பது யாருடைய கட்டடம் என்பது ஊருக்கே தெரியும்.

கீழே இருப்பவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அது சாப்பாட்டுத் தட்டில். சாமை மானாவாரிப் பயிர். உரமும் மருந்தும் பெரிதாகக் கேட்காது. சாமைக்கு விலை கிடைக்காவிட்டால் மலைக்காரர் வேறு பயிருக்குப் போவார், அவரைக் குறைசொல்ல முடியாது. கொல்லிமலையில் சாமை போட்ட நிலத்தில் மரவள்ளி ஏறிய கதை நமக்குத் தெரியும். அந்தக் கிழங்கு போய்ச் சேர்ந்த ஜவ்வரிசி ஆலைகளின் கழிவுநீர் நாற்றமும் சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களே நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் சாமையை அரிசியாக்கி விற்கிறது. ஆரணி, திருவண்ணாமலை ஓட்டல்களில் வாரத்தில் ஒரு நாளாவது சாமைப் பொங்கல் போட்டால், அது ஆற்றுக்குச் செய்கிற காரியமும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், ஓடையிலோ கிணற்றிலோ மாசு விடக் கூடாது என்கிறது; கழிவுநீர் வெளியேற்ற மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும் என்கிறது. ஆனால் வாரியத்தின் அலுவலகம் மலைமேல் இல்லை. பொறியாளர் எல்லாக் குழியையும் எட்டிப்பார்க்கப் போவதும் இல்லை. மலைமேல் இருக்கிற அதிகாரம் வேறு. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, நீர்ப்பிடிப்புப் பகுதிகளையும் நீராதாரங்களையும் காக்கும் அதிகாரத்தை உரிமை பெற்றவர்களுக்கும் கிராம சபைக்கும் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் தாமதமாகத்தான் நகர்ந்தது, பட்டா விஷயத்தில் இன்னமும் முணுமுணுப்பு உண்டு. பட்டாவைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு 5ஆம் பிரிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

தமிழ்நாட்டில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் ஒன்று உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22. அன்றைக்கு மலை ஊராட்சிகள் மூன்று தீர்மானம் போடலாம். ஊரில் உள்ள ஊற்று, சுனை, கிணறு எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் மேட்டுப் பக்கம் என்ன கட்டடம், அதன் கழிவு எங்கே போகிறது என்று எதிரே ஒரு குறிப்பு. புதிதாக வரும் விடுதிக்கு, அடி பூசிய தொட்டியைப் பார்க்காமல் வரி ரசீது இல்லை என்று ஒரு நிபந்தனை. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு மாற்றிக்கொள்ள ஓராண்டு அவகாசம். கறுத்த குப்பிகள் இருந்தால் அவற்றையும் மேசையில் வைக்கலாம். விடுதிக்காரர்களுக்கும் ஓட்டல்காரர்களுக்கும் முன்கூட்டியே சீட்டு அனுப்பி வரச் சொல்ல வேண்டும். அவர்களும் ஊராட்சிக்கு வரி கட்டுகிறவர்கள், அவர்களுக்குச் சொல்லவும் ஏதாவது இருக்கும். லாரி வாடகை கட்டுப்படியாகவில்லை என்பார்கள். நியாயம்தான். நாலு விடுதி சேர்ந்து முறைவைத்து ஒரு லாரியை அழைப்பதா, ஊராட்சி ஒன்றியமே ஒன்றை வாங்கி வாடகைக்கு விடுவதா என்பதை அங்கேயே பேசி முடிக்கலாம்.